மாமாவின் பரண் நிறைய காலி விஸ்கி பாட்டில்: எதை வைப்பது, எதை விடுவது?

பாலாற்றங்கரை:

வணக்கம். பள்ளிகொண்டா பக்கம் எங்கள் வீடு. மாமனார் பட்டாளத்தில் சுபேதாராக ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு வீடு இப்படி உண்டு, மாதா மாதம் ராணுவ கேண்டீனில் சரக்குக் கோட்டாவும் உண்டு. மாமா அளவோடு குடிப்பவர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பாட்டிலைத் தூக்கிப்போட மாட்டார். கழுவி, கவிழ்த்து, காயவைத்து, தினத்தாளில் சுற்றிப் பரணில் ஏற்றிவிடுவார். "குடித்தது ஒருத்தர், தூசி தட்டினது நான்" என்று அத்தை சொல்லாத வாரம் கிடையாது.

மழைக்கு முன்னால் தளத்தைப் பிரித்துப் போட வேண்டும் என்று பரணைக் காலி செய்தோம். எண்பதுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலும் 750 மில்லி ஃபுல். கொஞ்சம் குவார்ட்டர். அப்புறம் துபாயிலிருந்து மைத்துனர் கொண்டுவந்த வெளிநாட்டுச் சரக்கு பாட்டில்கள் ஒரு பத்து: சதுர ஜானி வாக்கர், முக்கோண கிளென்ஃபிடிக், மூன்று பக்கமும் கிள்ளி எடுத்த மாதிரி குழிந்து கம்பிவலை சுற்றிய டிம்பிள்.

காயலான் கடைக்காரர் "கண்ணாடியே வேண்டாம்மா, இடம்தான் அடைக்குது" என்கிறார். ஆனால் பைக்கில் வரும் ஒருவர் வெளிநாட்டு பாட்டிலை மட்டும் கேட்கிறார். மூடி இருக்க வேண்டுமாம், லேபிள் கிழிந்திருக்கக் கூடாதாம், அட்டைப்பெட்டியும் இருந்தால் ஒன்றுக்கு நூறு ரூபாய்கூடத் தருகிறாராம். எனக்கு அது சரியாகப் படவில்லை.

நாலைந்தை எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்றால், வெளிநாட்டு பாட்டிலில் தண்ணீர் உள்ளேயே இறங்க மாட்டேன் என்கிறது. லேபிளும் வர மாட்டேன் என்கிறது. மாமா "ஒன்றையும் வீசக் கூடாது" என்கிறார், அத்தை "ஒன்றும் இருக்கக் கூடாது" என்கிறார். நடுவில் நான். என்ன செய்யலாம்?

கோவைத்தம்பி:

இதற்கா இவ்வளவு யோசனை அக்கா? டாஸ்மாக்கில் திருப்பிக் கொடுத்தால் பாட்டிலுக்கு 10 ரூபாய். எண்பது பாட்டில், 800 ரூபாய்!

பாட்டில்மண்டி:

தம்பி, அக்காவை வீணாக அலைய விடாதீர்கள். அந்தத் திட்டத்தில் விற்கும்போதே 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, பாட்டிலில் அடையாள ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுப்பார்கள். அந்த ஸ்டிக்கரோடு காலி பாட்டில் வந்தால் அதே 10 ரூபாய் திரும்பும். நம் பணம் நமக்கே வருகிறது, அவ்வளவுதான். உயர் நீதிமன்றம் சொல்லி 2022 மே மாதம் நீலகிரியில் ஆரம்பித்தது. காட்டில் உடைந்து கிடக்கும் பாட்டில் யானையின் காலைக் கிழிக்கிறது என்பதுதான் அதற்குக் காரணம். அப்புறம் மற்ற ஊர்களுக்கும் வந்தது. கேண்டீன் பாட்டிலில் அந்த ஸ்டிக்கர் ஏது?

சகோதரி, என் அப்பா சைக்கிளில் இரண்டு பக்கமும் சாக்கு கட்டி ஊர் ஊராகப் பாட்டில் எடுத்தவர். பிறகு சின்னதாக ஒரு மண்டி போட்டார். எனக்கு எழுத்துக்கு முன்னால் பாட்டில் தரம் பிரிக்கத் தெரியும். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த பைக்காரர். உங்களுக்குத் தோன்றியது சரி. வெறும் கண்ணாடிக்கு யாரும் நூறு ரூபாய் தர மாட்டார்கள். அவர் விலை பேசுவது லேபிளுக்கும் மூடிக்கும் பெட்டிக்கும்தான். உள்ளே மட்டச் சரக்கை ஊற்றி, புது மூடி மாதிரி முறுக்கி, பெட்டியில் போட்டால் ஆயிரக்கணக்கில் விற்கலாம். கல்யாண வீட்டில் "டூட்டி ஃப்ரீ சரக்கு" என்று யாராவது பெருமையாக எடுத்து வைப்பார்களே, அதில் இந்த வகையும் கலந்து நிற்கும். எல்லாரும் அப்படி இல்லை, அலங்காரத்துக்கு வாங்குபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் அட்டைப்பெட்டி கேட்க மாட்டார்கள். அப்பாவும் இந்த வியாபாரத்தைத் தொட மாட்டார். "குடிக்கிறவன் செத்தா பாட்டில்ல என் கைரேகை இருக்கும்டா" என்பார். அவர் பயந்தது போலீசுக்கா பாவத்துக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது, ஆனால் தொடவில்லை.

ஆகவே வெளிநாட்டு பாட்டிலை வெளியே விடுவதாக இருந்தால் மூன்று வேலை செய்யுங்கள். லேபிளைக் குறுக்கும் நெடுக்குமாகக் கத்தியால் கீறுங்கள். மூடியைத் தனியாக எடுத்து நசுக்குங்கள். அட்டைப்பெட்டியைப் பிய்த்துப் பழைய பேப்பரோடு போடுங்கள். அதற்குப் பிறகு அது வெறும் கண்ணாடி, யார் எடுத்தாலும் கவலை இல்லை.

தண்ணீர் இறங்காததும் இதே கதையின் இன்னொரு பக்கம்தான். பாட்டில் வாய்க்குள் கோலிக்குண்டு மாதிரி ஒரு பந்து போட்ட பிளாஸ்டிக் அடைப்பு இருக்கிறது. சரக்கு வெளியே வரும், வெளியிலிருந்து ஒன்றும் உள்ளே போகாது. திரும்ப நிரப்பிவிடக் கூடாது என்றே கம்பெனிக்காரன் வைத்த பூட்டு அது. கழற்றலாம்: பாட்டிலின் கழுத்தை மட்டும் வெந்நீரில் ஐந்து நிமிடம் கவிழ்த்து வையுங்கள், பிளாஸ்டிக் இளகும். தட்டை ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி நெம்புங்கள். துணி சுற்றிப் பிடித்துக்கொள்ளுங்கள், வாய் விளிம்பு தெறித்தால் கையைக் கிழித்துவிடும். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த கண்ணாடி விரிசல் விடும்.

லேபிள் இரண்டு சாதி. காகித லேபிள் என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சலவை சோடா ஒரு கைப்பிடி போட்டு இரவு ஊறவையுங்கள், காலையில் தானாக மிதக்கும். பிளாஸ்டிக் லேபிள் எத்தனை நாள் ஊறினாலும் அசையாது. அதற்கு உள்ளே சூடான தண்ணீர் ஊற்றி, பசை இளகியதும் ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரிக்க வேண்டும். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். உள்ளே கழுவ பிரஷ் எட்டாது. ஒரு பிடி அரிசியும் சோப்புத் தண்ணீரும் போட்டுக் குலுக்கினால் போதும். உங்கள் பக்கம் போர் தண்ணீர் என்றால் வெள்ளையாக உப்பு படிந்திருக்கும், அதற்குப் புளித்தண்ணீர் அல்லது வினிகர்.

கண்ணாடியில் வாசனை ஏறாது. மூடியில் ஏறும். மூடிக்குள் இருக்கும் மெத்தை மாதிரியான வட்டமும், கார்க்கும் விஸ்கி வாசனையை விடவே விடாது. அத்தைக்குச் செக்கு எண்ணெய் ஊற்றிக் கொடுப்பதானால் மூடியை மாற்றுங்கள், இல்லையென்றால் நல்லெண்ணெய் தோசையில் மாமா வாசனை வரும். வெள்ளைப் பாட்டிலை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அலமாரிக்குள் வைத்தால் சரி.

மீதி கேண்டீன் பாட்டில்கள். காயலான் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. கண்ணாடி கனம், உடையும், இடம் அடைக்கும், கிலோவுக்குக் கிடைப்பது சில்லறை. பீர் பாட்டிலுக்கு மட்டும் எப்போதும் ஆள் உண்டு, ஏனென்றால் கம்பெனி அதைக் கழுவித் திரும்ப நிரப்பும். விஸ்கி பாட்டில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு வடிவம், அதனால் பெரும்பாலும் உடைத்து உருக்கத்தான் போகும். கண்ணாடி எத்தனை முறை உருக்கினாலும் கண்ணாடியாகவே திரும்பும். மணலைப் புதிதாக உருக்க உலை 1500 டிகிரிக்குப் போக வேண்டும், பழைய சில்லு கலந்தால் எரிபொருள் மிச்சம். வெள்ளை, பிரவுன், பச்சை என்று நிறம் பிரித்துச் சாக்கில் கட்டி, பாட்டில் எடுக்கும் பெரிய கடைக்கு ஒரே தடவையாகக் கொண்டுபோங்கள். இரண்டு பாட்டில் என்றால் மூஞ்சியைத் திருப்புகிறவர் நாலு சாக்கு என்றால் டீ சொல்வார். டியூப்லைட், பீங்கான், முகம் பார்க்கும் கண்ணாடி எதையும் கலக்காதீர்கள். குப்பையில் போடுவதானால் உடைக்காமல் தனிப் பையில் போட்டுத் தூய்மைப் பணியாளர் கையில் சொல்லிக் கொடுங்கள். அவர்களுக்குக் கையுறை கிடைப்பதே பெரிய விஷயம்.

வார்டுசிஸ்டர்:

பாட்டில்மண்டி அண்ணன் விட்ட ஒன்றைச் சேர்க்கிறேன். குவார்ட்டர் பாட்டில் கைக்கு அடக்கமாக இருக்கிறதே என்று மண்ணெண்ணெய், பினாயில், ஆசிட், தின்னர் ஊற்றி வைக்காதீர்கள். தெருவில் பினாயில் விற்பவரே அதில்தான் கொடுப்பார், வாங்கினால் வேறு டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்தவள் சொல்கிறேன், குடிக்கும் பாட்டில் வடிவத்தில் இருந்தால் பிள்ளை அதைத் தண்ணீர் என்றுதான் நினைக்கும். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே வைக்காதீர்கள். வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் அதிக ஆபத்து, வாந்தியில் அது மூச்சுக்குழாய்க்குள் போகும். நேராக மருத்துவமனை, கையில் அந்தப் பாட்டிலோடு.

மணி பிளாண்ட் வைக்கிறவர்களுக்கு: வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள், கழுத்தில் பஞ்சு அடையுங்கள். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும், பாட்டில் கழுத்து குறுகல் என்று அது திரும்பிப் போகாது.

ஞாயிறுபட்டறை:

அந்த டிம்பிளை மட்டும் தயவுசெய்து உடைத்துவிடாதீர்கள்! 1958இல் அமெரிக்காவில் அந்தப் பாட்டிலின் வடிவத்துக்கே வணிகச் சின்னப் பதிவு கொடுத்தார்கள். ஜானி வாக்கர் சதுரமும் சும்மா வந்ததில்லை. 1860களில் கப்பலில் போகும் சரக்கு உருண்டு உடையாமலும், ஒரு பெட்டியில் கூடுதலாக அடங்கவும் போட்ட கணக்கு அது. லேபிளை 24 டிகிரி சாய்த்து ஒட்டியதில் எழுத்தும் பெரிதாக வந்தது.

இந்த மாதிரி பாட்டிலுக்குள் சின்ன எல்இடி சரம் போட்டு மேசை விளக்காக்கலாம். கழுத்து வழியாகவே சரத்தை இறக்கிவிடலாம், கார்க் வடிவ பேட்டரியோடு வருகிறது. ஒயர் பின்னால் வர வேண்டும் என்றால்தான் துளை. விஸ்கி பாட்டிலுக்கு அடி கனம், அங்கே போட்டால் பொறுமை போய்விடும். அடியிலிருந்து இரண்டு விரல் மேலே பக்கவாட்டில் போடுங்கள். டைமண்ட் பிட், 10 மில்லிமீட்டர். டிரில்லில் சுத்தியல் முறையை நிறுத்திவிட்டு, மெதுவான வேகத்தில், மாஸ்கிங் டேப் ஒட்டி, தண்ணீர் சொட்டச் சொட்ட. அழுத்தவே கூடாது, டிரில்லின் கனமே போதும். கண்ணுக்குக் கண்ணாடி, மூக்குக்கு முகக்கவசம்.

நூலை மண்ணெண்ணெயில் நனைத்துச் சுற்றி, பற்றவைத்து, தண்ணீரில் முக்கினால் பாட்டில் பளிச்சென்று இரண்டாகும் என்று வீடியோக்களில் காட்டுவார்கள். நேராக உடைந்ததைத்தான் காட்டுவார்கள். அந்த வேலைக்குப் போகாதீர்கள்.

வெட்டிப்பேச்சு:

எண்பது போதாது அக்கா. தாய்லாந்தில் சிசாகெட் பக்கம் பிக்குகள் 1984இலிருந்து பாட்டில் சேர்த்து ஒரு கோவிலே கட்டியிருக்கிறார்கள், பத்து லட்சத்துக்கு மேல். பெரும்பாலும் பீர் பாட்டில், மூடிகளை வைத்துச் சுவரில் சித்திரம் வேறு. தளம் பிரிக்கத்தானே போகிறீர்கள், மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், மீதியை அவர் குடித்தே முடித்துக் கொடுப்பார்.

பாலாற்றங்கரை:

வெட்டிப்பேச்சு, இதை மாமாவிடம் படித்துக் காட்ட மாட்டேன். அவர் உண்மையாகவே கேண்டீன் கார்டை எடுத்துவிடுவார்.

அண்ணா, ரொம்ப நன்றி. பைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். காரணத்தைச் சொன்னதும் முதலில் லேபிளைக் கீறியது மாமாதான். பட்டாளத்தில் இருக்கும்போது யாருக்கோ போலிச் சரக்கில் கண் பார்வை போன கதையைச் சொல்லிக்கொண்டே கீறினார். அதுவரை ஒரு பாட்டிலையும் தொடவிடாதவர். டிம்பிள், முக்கோணம், சதுரத்தில் ஒன்று, மூன்றும் அவர் அலமாரிக்கு. எண்ணெய்க்கு ஆறு ஃபுல், அலமாரிக்குள் மட்டும் என்ற நிபந்தனையோடு அத்தை ஒப்புக்கொண்டார். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க விடவில்லை. "நாத்தனாருக்கு வரன் பார்க்க வருகிற நேரத்தில், தண்ணீர் கேட்டால் இதையா நீட்டுவாய்?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. மீதி சாக்கில் இருக்கிறது, நிறம் பிரித்தாயிற்று.

ஒரு சந்தேகம். கழுத்தில் மூடியின் கீழ்ப்பாதி அலுமினிய வளையமாக மாட்டிக்கொண்டு நிற்கிறது. எண்ணெய் ஊற்றும்போது அதற்குள் இறங்கிப் பிசுபிசுக்கிறது. எப்படி எடுப்பது? இன்னொன்று, அந்த வளையம் சாக்கில் இருக்கும் பாட்டில்களிலும் இருக்கிறதே, எடுத்துத்தான் கொடுக்க வேண்டுமா?

பாட்டில்மண்டி:

எண்ணெய் பாட்டிலுக்கு சைடு கட்டர் போதும். வளையத்தின் மேல் ஓரத்தைக் கடித்து, கீழே வரை ஒரு வெட்டு, பிறகு பிளையரால் பிடித்து இழுத்தால் சுருண்டு வந்துவிடும். அலுமினிய ஓரம் பிளேடு மாதிரி இருக்கும், விரலை வைக்காதீர்கள். சாக்கில் இருப்பதற்கு அந்த வேலை தேவையில்லை, கடையில் உடைத்த பிறகு பொறுக்கிக்கொள்வார்கள். மூடிகளைத் தனியாகச் சேர்த்து வையுங்கள். கண்ணாடி வேண்டாம் என்ற அதே காயலான் கடைக்காரர் அலுமினியத்தை எடை போட்டு வாங்குவார்.