குடிநீர்த் தர ஆய்வு: பயிலரங்குக்குச் செல்வதா, மாநாட்டுக்குச் செல்வதா?

தகடூர்_ஆய்வாளர்

அனைவருக்கும் வணக்கம். தருமபுரி மாவட்டத்து ஆழ்துளைக் கிணறுகளில் உள்ள, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடைப் பற்றிப் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்து வருகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் வழியே 2013 முதல் தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரி நீர் வருகிறது. ஆனாலும் குழாயில் தண்ணீர் வராத நாள்களில் மக்கள் பழையபடி ஊர்க் கிணற்று நீரையே குடிக்கவும் சமைக்கவும் எடுத்துக்கொள்கிறார்கள். இவ்விரு நீரையும் மாறி மாறிப் பயன்படுத்தும் வீடுகளில் ஒருவருடைய உடலுக்குள் உண்மையில் எவ்வளவு ஃபுளோரைடு போகிறது என்பதைக் கணிப்பதே என் ஆய்வின் நோக்கம்.

எங்கள் கல்லூரியில் ஆண்டுக்கு ஒரு வெளி நிகழ்வுக்குத்தான் பயணச் செலவு கிடைக்கும். இந்த ஆண்டு இரண்டு வாய்ப்புகள் வந்துள்ளன. முதலாவது, நீர்ப் பகுப்பாய்வு முறைகளைப் பற்றிய ஐந்து நாள் செய்முறைப் பயிலரங்கு. அதில் கட்டுரை வாசிக்க இடமில்லை. இரண்டாவது, குடிநீர்த் தரம் பற்றிய பன்னாட்டு மாநாடு. அதில் போஸ்டர் வைக்க இடம் கிடைக்கக்கூடும். மாநாட்டுக் கட்டுரை பட்டத்துக்கு உதவும் என்பதால் என் நெறியாளர் மாநாட்டையே பரிந்துரைக்கிறார். இவை தவிர வாரந்தோறும் மின்னஞ்சலில் வெவ்வேறு மாநாடுகளிலிருந்து அழைப்புகள் வருகின்றன. அவற்றில் எது உண்மையானது என்று எப்படிப் பிரித்தறிவது? எதைத் தேர்ந்தெடுப்பது, போகுமுன் என்ன தயாரிப்பு வேண்டும் என்று துறையில் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற_வேதியியலர்

வணக்கம் அம்மா. குடிநீர் ஆய்வகப் பணியில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில், இந்த ஆண்டு பயிலரங்குக்கே போங்கள் என்று தயங்காமல் சொல்வேன். உங்கள் ஆய்வு முழுவதும் ஓர் எண்ணின் மேல்தான் நிற்கிறது. அந்த எண் சரியா என்று பிறர் முன்னிலையில் சோதித்துக்கொள்ளும் வாய்ப்பை மாநாடு தராது.

நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, ஃபுளோரைடுக்கு லிட்டருக்கு 1.0 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீராதாரம் இல்லாதபோது 1.5 மில்லிகிராமை அனுமதிக்கக்கூடிய அளவாகவும் வைத்திருக்கிறது. நம் ஆய்வகங்களில் பரவலாகக் கையாளப்படும், சாயத்தின் நிற மாற்றத்தை அளக்கும் ஸ்பாட்ன்ஸ் நிறமானி முறையில், ஃபுளோரைடு கூடக்கூடச் சாயத்தின் சிவப்பு வெளுக்கும். அந்த வெளுப்பு நேர்கோட்டில் செல்வது ஏறத்தாழ 1.4 மில்லிகிராம் வரைதான். நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிய 1.5 என்ற எல்லையோ அதற்குச் சற்று மேலே நிற்கிறது. அதிக அளவு காட்டும் மாதிரியை வாலை வடிநீரால் நீர்க்கச் செய்யாமல் அப்படியே படித்துவிட்டால், 1.4 என்று எழுதியதும் 1.8 என்று எழுதியதும் ஒரே கிணறாக இருக்கலாம். ஆய்வுக்கு வந்த நீர் படிகாரம் இட்டுச் சுத்திகரித்த நீர் என்றால் சிக்கல் இன்னும் பெரிது. நாக்பூர் நீரி நிறுவனம் ஃபுளோரைடை நீக்க உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் சேர்க்கிறார்கள் அல்லவா, அதில் எஞ்சும் அலுமினியம் ஃபுளோரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாலை வடித்துப் பிரிக்காமல் நிறமானியில் வைத்தால், உண்மையில் இருப்பதைவிடக் குறைவான அளவே தெரியும். நிறமானிக்குப் பதில் அயனித் தேர்வு மின்முனையை (ஃபுளோரைடின் அளவை மின்னழுத்தமாகக் காட்டும் கருவி) பயன்படுத்துவோர் தாங்கல் கரைசல் சேர்த்துக் கார அமிலத்தன்மையை (pH) 5 முதல் 5.5க்குள் நிறுத்தி, அலுமினியப் பிணைப்பை உடைத்த பிறகே அளக்க வேண்டும். செறிவு பத்து மடங்கு மாறும்போது அறை வெப்பநிலையில் மின்னழுத்தம் 59 மில்லிவோல்ட்டை ஒட்டி மாறுகிறதா என்பதை ஒவ்வொரு நாள் காலையிலும் சரிபார்த்துக் குறித்துவைக்க வேண்டும்.

இவற்றைப் புத்தகத்தில் படிப்பது எளிது. தெரியாத அளவு ஃபுளோரைடு உள்ள ஒரே மாதிரியைப் பங்கேற்பாளர் அனைவருக்கும் கொடுத்து, மறுநாள் எல்லாருடைய விடைகளையும் கரும்பலகையில் எழுதி, யார் எங்கே விலகினார்கள் என்று பேச வைக்கிறார்களா என்று அமைப்பாளர்களிடம் முதலில் கேளுங்கள். ஆய்வகங்களுக்கிடையிலான ஒப்பீட்டில், ஒருவர் விடை ஏற்கப்பட்ட அளவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று காட்டும் இசட் மதிப்பெண் 2க்குள் இருந்தால் நிறைவு, 3ஐத் தொட்டால் நடவடிக்கை தேவை என்பார்கள்; அந்தக் கணக்கை உங்கள் விடையை வைத்தே போட்டுப் பார்க்கும் பயிலரங்குதான் பயனுள்ளது. ஐந்து நாளும் உரைகளாகவே நிகழ்ச்சி நிரல் இருந்து, ஒரு பிற்பகல் மட்டும் ஆய்வகத்தைச் சுற்றிக் காட்டுவார்கள் என்றால் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

போகும்போது உங்கள் களக் குறிப்பேட்டையும், ஒவ்வொரு மாதிரிக்கும் நீங்கள் அளந்த நேர்மின், எதிர்மின் அயனிகளின் முழுப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். நல்ல அளவீட்டில் இரண்டும் சமமாக வர வேண்டும்; இரு பக்கக் கூட்டுத்தொகைகளும் மில்லிஈக்விவலன்ட் (அயனியின் மின்சுமையையும் சேர்த்துக் கணக்கிடும் அலகு) கணக்கில் ஐந்து விழுக்காட்டுக்குமேல் விலகும் மாதிரிகளைத் தனியாகக் குறித்துவைத்தால், பயிற்சி தருபவர் ஒரு மணி நேரத்தில் சிக்கலின் வேரைக் காட்டிவிடுவார். ஃபுளோரைடு மாதிரியைக் கண்ணாடிப் புட்டியில் எடுக்காமல் பாலித்தீன் புட்டியில் எடுத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீர்_நலம்_பேராசிரியை

ஐயா சொன்ன செய்முறை விளக்கங்கள் அனைத்தும் சரி. ஆனால் மாநாடு என்பது பட்டத்துக்குக் கட்டுரை சேர்க்கும் இடம் மட்டுமே என்ற எண்ணம் மாணவர்கள் மனத்தில் பதிந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

குடிநீர்த் தரத்தின் வரலாற்றில் சில மாநாடுகள் கொள்கையையே திருப்பியிருக்கின்றன. ரோட்டர்டாம் குடிநீர் நிறுவனத்தின் வேதியியலர் யோகான்னஸ் ரூக், குளோரின் கலந்த நீரில் குளோரோஃபார்ம் போன்ற டிரைஹாலோமீதேன்கள் என்னும் கேடு தரக்கூடிய சேர்மங்கள் உருவாகின்றன என்று 1974இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில் நீர்க் குளோரினேற்றம் பற்றிய மாநாடு கூடியது. 1979இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை டிரைஹாலோமீதேன்களுக்கு லிட்டருக்கு 0.10 மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. நமக்கு அருகிலேயே இன்னும் அழுத்தமான எடுத்துக்காட்டு உண்டு. 1995இல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தியும் அவர் குழுவினரும் கொல்கத்தாவில் நிலத்தடி நீர் ஆர்செனிக் பற்றிய பன்னாட்டு மாநாட்டைக் கூட்டினார்கள். 1998இல் டாக்கா சமுதாய மருத்துவமனையுடன் சேர்ந்து டாக்காவில் இன்னொன்றை நடத்தினார்கள். வயிற்றுப்போக்கிலிருந்து காக்கவென்று வங்கதேசத்தில் பல்லாண்டுகளாகத் தோண்டப்பட்டு வந்த குழாய்க் கிணறுகளிலேயே நஞ்சு இருக்கிறது என்பதை உலகம் காதுகொடுத்துக் கேட்க இந்த மாநாடுகள் பெரிதும் காரணமாயின. பிறகு கிணறுகளைக் களப் பரிசோதனைப் பெட்டியால் சோதித்து, ஆர்செனிக் லிட்டருக்கு 50 மைக்ரோகிராமுக்கு மேலிருந்தால் சிவப்பும் கீழிருந்தால் பச்சையும் பூசினார்கள். அந்தப் பெட்டிகளின் முடிவுகளை ஆய்வக அளவீட்டோடு ஒப்பிட்டு, பல கிணறுகளுக்குத் தவறான நிறம் பூசப்பட்டிருப்பதை 2002இல் வெளியிட்டவர்களும் சக்ரவர்த்தியின் குழுவினர்தான். நம் ஊராட்சிகளிலும் ஜல் ஜீவன் இயக்கத்தின்கீழ் ஊருக்கு ஐந்து பெண்களுக்குக் களப் பரிசோதனைப் பெட்டியில் பயிற்சி தர ஏற்பாடு இருக்கிறது. அந்தப் பெட்டியின் நம்பகத்தன்மையை யார், எந்த மேடையில் விவாதிப்பது? மாநாட்டில்தான் விவாதிக்க முடியும்.

மாநாடுகளிலும் வகை பார்க்க வேண்டும். 1991 முதல் ஆண்டுதோறும் நடைபெறும் ஸ்டாக்ஹோம் உலக நீர் வாரத்தில் கொள்கை பேசுவோரும் நிதி தருவோரும் மிகுதி. பன்னாட்டு நீர்ச் சங்கத்தின் உலக நீர் மாநாடு ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2022இல் கோபன்ஹேகனிலும் 2024இல் டொராண்டோவிலும் கூடியது. அங்கே சுத்திகரிப்புத் தொழில்நுட்பம் முதன்மை பெறும். உங்கள் கேள்வி வீடுகளில் மக்கள் எதைக் குடிக்கிறார்கள் என்பதைப் பற்றியது. ஆகவே அமெரிக்காவின் சாப்பல் ஹில்லில் அக்டோபர் மாதங்களில் நடக்கும் நீரும் நலமும் மாநாட்டின் பழைய நிகழ்ச்சி நிரல்களை இணையத்தில் எடுத்துப் படியுங்கள். பயணம் போகாவிட்டாலும், வீட்டளவிலான நீர்ப் பயன்பாட்டை எப்படி அளக்கிறார்கள் என்பது அதில் தெரியும். பொறியாளர்களைச் சந்திக்க வேண்டுமென்றால் இந்தியக் குடிநீர்ப் பணிகள் சங்கத்தின் ஆண்டு மாநாடு செலவும் குறைவு, பயனும் நேரடியானது.

மின்னஞ்சல் அழைப்புகளைப் பற்றிக் கேட்டீர்கள். நீரியல், மேலாண்மை, செவிலியம், கணினி அறிவியல் ஆகிய அனைத்தும் ஒரே விடுதியில் ஒரே நாளில் நடக்கும் என்று சொல்லும் அழைப்பை அப்படியே நீக்கிவிடுங்கள். ஆய்வுச் சுருக்கம் அனுப்பிய மறுநாளே ஒரு திருத்தக் குறிப்பும் இல்லாமல் ஏற்பு வந்து, அதனுடன் கட்டணம் செலுத்தும் இணைப்பும் வந்தால், உங்கள் ஆய்வை யாரும் படிக்கவில்லை என்று பொருள். அறிவியல் குழுவில் பெயர் போட்டிருப்பவர்களில் இருவரின் பல்கலைக்கழக முகவரிக்கு எழுதி, அவர்கள் உண்மையிலேயே குழுவில் இருக்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. நான் என் மாணவர்களைக் கட்டாயம் கேட்க வைக்கிறேன்.

என் பரிந்துரையும் இந்த ஆண்டு பயிலரங்குதான். ஆனால் மாநாட்டை அடுத்த ஆண்டுத் திட்டத்தில் இப்போதே எழுதிவைத்து, நெறியாளரிடமும் அப்படியே சொல்லுங்கள்.

யாழ்_நிலத்தடிநீர்

வணக்கம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நீர்ப்படுகையில் நைத்திரேற்றுப் (நைட்ரேட்) பற்றி வேலை செய்கிறேன். இங்கு நடக்கும் செயலமர்வுகளிலும் மாநாடுகளிலும் நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு குழப்பத்தைச் சொல்ல விரும்புகிறேன். தோழி போஸ்டர் தயாரிக்கும்போது அது உதவும்.

ஒருவர் நைத்திரேற்று லீற்றருக்கு 12 மில்லிகிராம் என்கிறார், அடுத்தவர் 50 என்கிறார். கேட்பவர்கள் இரண்டாவது கிணறு நான்கு மடங்கு மோசமானது என்று குறித்துக்கொள்கிறார்கள். முன்னவர் அதிலுள்ள நைதரசனின் (நைட்ரஜன்) எடையை மட்டும் நைதரசனாகவும், பின்னவர் முழு அயனியின் எடையை நைத்திரேற்றாகவும் கணக்கிட்டிருக்கிறார்கள்; முன்னதை 4.43ஆல் பெருக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அமெரிக்க எல்லை நைதரசனாக 10, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு நைத்திரேற்றாக 50, இந்திய எல்லை 45. அலகைச் சரியாக எழுதாத போஸ்டரை நான் வாசிப்பதை அங்கேயே நிறுத்திவிடுவேன்.

புளோரைட்டிலும் எல்லைகள் நாட்டுக்கு நாடு வேறு. இலங்கைத் தர நியமம் 614 லீற்றருக்கு 1.0 மில்லிகிராம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 1.5 என்று சொல்லிவிட்டு, உள்ளூர்க் காலநிலையையும் மக்கள் குடிக்கும் நீரின் அளவையும் கருத்திற்கொள்ளுங்கள் என்றும் சேர்த்துச் சொல்கிறது. எங்கள் வரண்ட வலயத்தைப் போலவே தருமபுரியிலும் வெயிலில் வேலை செய்பவர் நாளொன்றுக்குக் குடிக்கும் நீர் மிக அதிகம். ஆகையால் செறிவை மட்டும் அட்டவணையிடாமல், ஆண், பெண், பிள்ளை என ஒவ்வொருவரும் உட்கொள்ளும் மொத்த மில்லிகிராம் அளவைக் காட்டினால் உங்கள் போஸ்டர் முன்னால் ஆட்கள் நிற்பார்கள். சமையல் நீரையும் மறக்க வேண்டாம். சோறும் பருப்பும் வேகும் நீரிலுள்ள புளோரைட்டு உணவோடு உள்ளே போய்விடும்.

தகடூர்_ஆய்வாளர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அயனிச் சமநிலையை இன்று மாலையே எல்லா மாதிரிகளுக்கும் கணக்கிடத் தொடங்குகிறேன். பயிலரங்கு அமைப்பாளர்களிடம் தெரியாத மாதிரிப் பயிற்சி உண்டா என்று கேட்டு எழுதிவிட்டேன். உண்டு என்றால் அதற்கே பதிவு செய்வேன்.

இன்னும் ஒரு கேள்வி. அடுத்த ஆண்டு மாநாட்டில் முடிவுகளை வைக்கும்போது ஊர்ப் பெயர்களை எழுதலாமா? சில ஊர்களில் 1.5க்கு மேல் வருகிறது. அங்குள்ளவர்களுக்கு இன்னும் யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற_வேதியியலர்

அம்மா, அந்த ஊர்களுக்குச் சொல்வதற்கு மாநாடு வரை காத்திருக்க வேண்டாம். 1.5க்கு மேல் வந்த கிணறுகளில் மீண்டும் மாதிரி எடுத்து, ஒரு பங்கை உங்கள் ஆய்வகத்திலும் மறு பங்கைக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்திலும் சோதியுங்கள். கோடையில் ஒருமுறை, மழைக்குப் பின் ஒருமுறை பார்த்தால் நல்லது. ஆனால் இரண்டாவது பருவத்துக்காக முதல் தகவலைத் தாமதப்படுத்தக் கூடாது. இரு ஆய்வக முடிவுகளும் ஒத்துவந்தால், ஊராட்சித் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். எந்தக் கிணறு, என்றைக்கு எடுத்த நீர், எவ்வளவு, அருகில் குறைந்த அளவு காட்டிய கிணறு எது என்ற நான்கும் கடிதத்தில் இருக்க வேண்டும். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, நீர் சுண்டும்போது செறிவு கூடவே செய்யும் என்ற வரியையும் சேர்த்துவிடுங்கள். பலர் கொதிக்க வைத்துவிட்டுக் கவலையின்றிக் குடிக்கிறார்கள்.

மாநாட்டு வரைபடத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் குறியீட்டு எண்ணும், வட்டார அளவிலான எல்லையும் போதும். ஊராட்சிக்கு அனுப்பிய கடிதத்தின் நகலையும் பெற்றுக்கொண்ட ஒப்புதலையும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நெறிமுறைக் குழு கேட்கும்.