நாயம்பாடி குடும்பம்: வாட்ஸ்அப் குழு

ஓமலூர் அத்தை: கோபுரம் தெரியுதாம். நியூஸ்ல காட்டறான். ஆயா காலைல இருந்து கிளம்பு கிளம்புன்னு உயிர எடுக்குது

குட்டி பெங்களூரு: எந்த கோபுரம்

ஓமலூர் அத்தை: பண்ணவாடிடா. நம்ம கோயில்

பெரியப்பா: மரியே வாழ்க. பிள்ளைகளுக்குத் தெரியாது என்பதால் விளக்குகிறேன். மேட்டூர் அணை கட்டத் தொடங்கியது 1925. முடிந்தது 1934. நாயம்பாடி உள்ளிட்ட ஊர்களைக் காலி செய்தார்கள். அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. அது எழுபத்தைந்து, எண்பது வாக்கில் இறங்கினால் நம் கோயில் கோபுரம் தலை காட்டும். இன்னும் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தெரியும்.

கொளத்தூர் சித்தப்பா: நந்திக்கு முன்னாடி நாமதான் 😄

பெரியப்பா: குறுக்கே பேசாதே. சேலம் மறைமாவட்டம் உருவானதே 1930இல்தான். முதல் ஆயர் பிரெஞ்சுக்காரர், பிஷப் ப்ருனியே ஆண்டவர். நமக்கென்று சேலத்தில் ஓர் ஆயர் வந்து நாலே வருஷத்தில் கோயில் தண்ணீருக்குள் போயிற்று. அப்போது பூசை முழுக்க லத்தீன். அர்த்தம் தெரியாமலே பதில் சொல்வார்கள். ஆயாவுடைய அம்மாவுக்குக் கல்யாண மந்திரிப்பு நடந்தது அந்தப் பீடத்தில்தான்.

கொளத்தூர் சித்தப்பா: பீடம் போச்சு. நஷ்டஈட்டுல வாங்கின நெலமும் போச்சு. அத யாரு வித்தாங்கன்னும் எழுதுங்கண்ணா

பெரியப்பா: எங்கப்பா தனியாக விற்கவில்லை. பத்திரத்தில் உங்கப்பாவும் இருக்கிறார்.

கொளத்தூர் சித்தப்பா: உங்கப்பா கையெழுத்து. எங்கப்பா கைநாட்டு

ஓமலூர் அத்தை: ஆரம்பிச்சாச்சா. ஆயாவ யாரு கூட்டிட்டு போறீங்க அத சொல்லுங்க

ஏற்காடு சித்தி: ஞாயிறு வேண்டாம். இங்க பாப்பாவுக்கு புதுநன்மை, மொத தடவ நற்கருணை வாங்குது. போன மாசமே போட்டேன், ஒருத்தரும் பதில் போடல

குட்டி பெங்களூரு: சித்தி நான் 👍 போட்டேன்

ஏற்காடு சித்தி: 👍 போட்டா வர்றதா இல்லையா

குட்டி பெங்களூரு: பெரியப்பா வீட்டு மாதா சுரூபம் அந்த கோயில்ல இருந்ததா

பெரியப்பா: ஆம். தண்ணீர் ஏறுமுன் தாத்தா தலைச்சுமையாகக் கொண்டுவந்தது.

ஓமலூர் அத்தை: அண்ணா. அது வேளாங்கண்ணில வாங்கினது. வெல பேசினதே நான்

பெரியப்பா: நீ சொல்வது சின்னது. பெரியது வேறு.

ஓமலூர் அத்தை: பெரியது எங்க?

பெரியப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கொளத்தூர் சித்தப்பா: 😂😂

கொளத்தூர் சித்தப்பா: நேத்து நேர்ல போயி பாத்தேன். தண்ணி இறங்கின எடத்துல சோளம், கம்புன்னு வெதச்சிருக்காங்க. கோபுரத்துகிட்ட நடந்து போக முடியாது, பரிசல்தான். பெரியம்மாவுக்கு முட்டி மடங்குமா?

ஓமலூர் அத்தை: மடங்காது. கரையில சேர் போட்டு உக்கார வெச்சிருவேன். ஒரு மெழுகுவத்தி கொளுத்தணும், அவ்ளோதான் கேக்குது

ஏற்காடு சித்தி: ஃபாதர கூட்டிட்டு போனா கரையிலயே ஒரு பூசை வெக்கலாமே

கொளத்தூர் சித்தப்பா: காத்துல மெழுகுவத்தியே நிக்காது

குட்டி பெங்களூரு: அடுத்த மாசம் போலாமா லீவு இருக்கு

கொளத்தூர் சித்தப்பா: கர்நாடகால மழ புடிச்சு கபினிய தொறந்துட்டா உன் லீவுக்கெல்லாம் கோபுரம் நிக்காதுடா

ஓமலூர் அத்தை: ஆயா கேக்குது, கோயில் மணிய யாரு எடுத்துட்டு போனாங்கன்னு. அவங்கம்மா சாகறவரைக்கும் அதயேதான் சொல்லிட்டு இருந்தாங்களாம். அண்ணா உனக்கு தெரியுமா?

ஓமலூர் அத்தை: அண்ணா

கொளத்தூர் சித்தப்பா: ப்ளூ டிக் விழுந்துருச்சு

கொளத்தூர் சித்தப்பா: பரிசல்காரர்கிட்ட பேசிட்டேன். சனியா ஞாயிறா?

ஏற்காடு சித்தி: ஞாயிறு புதுநன்மைன்னு சொன்னேன்

குட்டி பெங்களூரு: சனி எனக்கு ஷிப்ட்

பெரியப்பா: அனைவரும் காலை 6 மணிக்கு ஓமலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கவும். புளிசாதம் நான் கொண்டுவருகிறேன்.

ஓமலூர் அத்தை: என்னிக்குண்ணா?