ஹெல்ப் டு சேவ்: மாதாமாதம் கட்டுறன், போனஸ் மட்டும் 75இலேயே நிக்குது

கூழ்ப்பானை:
வணக்கம். தெரிஞ்ச ஆக்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. லண்டன் ஈஸ்ட் ஹாமில இருக்கிறம். எனக்குப் பகுதிநேர வேலை, யூனிவர்சல் கிரெடிட்டும் (வருமானம் குறைஞ்ச ஆக்களுக்கு அரசாங்கம் தாற உதவிக்காசு, சுருக்கமா யூசி) எடுக்கிறம். 2023 மார்ச்சில ஹெல்ப் டு சேவ் கணக்குத் திறந்தனான், அரசாங்கம் போனஸ் தாற நாலு வருசச் சேமிப்புக் கணக்கு. மாதம் 50 பவுண்ஸ், ஒரு மாதமும் விடேல்ல. இரண்டு வருசம் முடிய 1,200 சேர்ந்து, 600 போனஸ் பாங்குக்கு வந்தது. (அது அப்பிடியே சீட்டுக்குப் போயிட்டுது, அந்தக் கதை வேண்டாம்.)

பிறகும் மார்ச், ஏப்ரல், மே எண்டு கட்டினன். மே கடைசியில அம்மாவின்ர கண் ஒப்பரேஷனுக்கு ஊருக்கு அனுப்ப 1,000 எடுத்தன். ஜூனில இருந்து திரும்ப 50, 50ஆப் போடுறன். இப்ப நவம்பர், கணக்கில 650 இருக்கு. மே மாதம் ஆப்பில அடுத்த போனஸ் 75 எண்டு காட்டினது. இண்டைக்கும் அதே 75. ஆறு மாதக் காசுக்கு 150 ஏற வேண்டாமோ? ஆப்பை அழிச்சுத் திரும்பப் போட்டும் பாத்தன். போன் எடுத்துக் கேக்கப் பயமாக் கிடக்கு, நான் ஏதும் பிழை விட்டிட்டனோ எண்டு.

ஹரோ மாமா:
அதை மூடிப்போட்டுப் புதுசாத் திறவுங்கோ பிள்ளை. முதலில இருந்து 50 வீதம் வரும்.

கணக்குப்பிள்ளை:
மாமா, பொறுங்கோ! தங்கச்சி, தயவுசெய்து மூடிப்போடாதேங்கோ. மூடினால் வாற போனஸ் போச்சு, அதோட இன்னொரு கணக்குத் திறக்கவே விடமாட்டினம். ஒராளுக்கு வாழ்நாளில ஒண்டுதான்.

ஆப்பில பிழை இல்லை. நீங்கள் போட்ட காசுக்குப் போனஸ் எண்டு நினைக்கிறியள். அவை பாக்கிறது கணக்கில ஆகக் கூட இருந்த தொகையை. முதல் இரண்டு வருசத்தில உங்கட உச்சம் 1,200, அதில அரைவாசி 600. கடைசி இரண்டு வருசத்தில எவ்வளவு உயரத்துக்குப் போகுதோ, அதில இருந்து பழைய 1,200ஐக் கழிச்சு, மிச்சத்தில அரைவாசி. மே மாதம் காசு எடுக்க முதல் 1,350 இருந்தது. 150 கூட, அரைவாசி 75. அந்த 75 உங்கட பேரில எழுதியாச்சு, காசை எடுத்தாலும் குறையாது.

ஆனால் 1,350ஐத் தாண்டினால்தான் அந்த இலக்கம் அசையும். 1,000 எடுக்க 350 மிஞ்சினது. மாதம் 50க்கு மேல போட விடாயினம், ஆனபடியால் ஒரேயடியா நிரப்பவும் ஏலாது. கணக்கு முடியிறது 2027 பெப்ரவரி. ஜூனில இருந்து எண்ணினால் 21 கட்டு. இருபதாவது கட்டோட 1,350ஐத் தொடுவியள், கடைசிக் கட்டோட 1,400. அப்ப போனஸ் 100. எடுக்காமல் விட்டிருந்தால் 2,400 வந்திருக்கும், போனஸ் 600. நோகுதுதான். அம்மாவின்ர கண்ணுக்கு எடுத்ததை நான் பிழை எண்டு சொல்லமாட்டன்.

கூழ்ப்பானை:
அப்ப இன்னும் 15 மாதம் கட்டினாலும் கூட வாறது 25 பவுண்ஸோ? ஐயோ. ஒருத்தரும் இதைச் சொல்லேல்லயே. திறக்கேக்க உதவி செய்த ஆள் "எப்பவும் எடுக்கலாம், தண்டம் இல்லை" எண்டு மட்டும்தான் சொன்னவர்.

கணக்குப்பிள்ளை:
அவர் சொன்னது பொய் இல்லை, பாதி. தண்டம் இல்லைத்தான், ஆனால் எடுத்த காசுக்கு மேல திரும்ப ஏறி வரவேணும்.

இந்தக் கணக்கில வட்டி கிடையாது, போனஸ் மட்டும்தான். 3 வீதம் தாற சாதாரண சேமிப்புக் கணக்கில அந்த 650ஐயும் மாதம் 50ஐயும் போட்டாலே 15 மாதத்தில 25ஐ விடக் கூட வரும். கணக்கை மூடாமல் ஒரு சில பவுண்ஸை மட்டும் விட்டு வையுங்கோ. 75 தன்ர நேரத்துக்கு வரும்.

மல்லிகைப்பந்தல்:
கணக்குச் சரி அண்ணை, ஆனால் என்ரை கையில 650 இருந்தால் அது அடுத்த சனிக்கிழமை கடையில நிக்கும். எனக்கெண்டால் அதுக்குள்ளயே கிடக்கட்டும்.

அதை விடுங்கோ, அக்கா, உங்கட அவர் திறந்திட்டாரோ? இரண்டு பேரும் ஒரே யூனிவர்சல் கிரெடிட்டில எண்டாலும் கணக்கு ஆளுக்கொண்டு. முந்தி உழைப்பு ஒரு அளவுக்கு மேல வேணும். 2025 ஏப்ரலில இருந்து, கடைசி மாதக் கணிப்பில கைக்கு 1 பவுண் சம்பளம் வந்திருந்தாலே காணும், அதுவும் இரண்டு பேரின்ரயும் சேத்துத்தான் பாப்பினம்.

கூழ்ப்பானை:
அவர் திறக்கேல்ல. வேலை இல்லாததால ஏலாது எண்டு நினைச்சம்! ஆனால் காசு சேர்ந்தால் யூசியை வெட்டுவினமோ?

மல்லிகைப்பந்தல்:
உங்கட எல்லாச் சேமிப்பும் சேத்து 6,000 வரைக்கும் தொடமாட்டினம், இந்தக் கணக்கில இருக்கிறதும் அதுக்குள்ள அடக்கம். போனஸால யூசி குறையாது.

கணக்குப்பிள்ளை:
இது நல்ல வழி, நானே சொல்லியிருக்க வேணும். உங்கட 50ஐ அவரின்ர கணக்குக்குத் திருப்புங்கோ. அதே 50, அங்க முதல் மாதத்தில இருந்தே 25 பிடிக்கும். இந்த முறை அவசரத்துக்கெண்டு வேற ஒரு சின்னச் சேமிப்பு வையுங்கோ, அப்பதான் இதில கை வைக்கத் தேவை வராது. உங்கட பழைய கணக்கில இருக்கிற 650ஐயே அதுக்கு வைச்சாலும் சரி, உங்களுக்கு அதை எடுக்கிறதால பெரிய நட்டம் இல்லை.

ஹரோ மாமா:
நான் சொன்னதை அழிக்கிறன் பிள்ளையள். என்ர மருமகளுக்கும் மூடச் சொல்லிப் போட்டன், இப்பவே போன் எடுக்கிறன்.

கூழ்ப்பானை:
மாமா, கெதியா எடுங்கோ!
எங்கட அவர் நேற்று விண்ணப்பிச்சவர், ஏற்றாச்சு. ஸ்டாண்டிங் ஓடரை (பாங்கில இருந்து மாதாமாதம் தானாக் காசு போற ஒழுங்கு) மாதக் கடைசி நாளில வைச்சிருக்கிறம், அண்டைக்குத்தான் யூசி விழும். சரியோ?

கணக்குப்பிள்ளை:
வேண்டாம். மாதம் எண்டால் 1ஆம் திகதியில இருந்து கடைசித் திகதி வரை. கடைசி நாள் சனி, ஞாயிறில வந்தால் காசு அடுத்த மாதத்துக்குள்ள போய் விழும். அப்ப ஒரு மாதம் வெறுமை, மற்ற மாதத்தில 50ஐத் தாண்டும். 3ஆம், 4ஆம் திகதிக்கு மாத்துங்கோ.