டாங் மீனில் வெள்ளைப் புள்ளி, மயில்துத்தம் போடலாமா?

பரந்தன்_தொட்டி:
வணக்கம் உறவுகளே. கொழும்பில் இருந்து எடுப்பித்த பவுடர் புளூ டாங் ஒன்று, உடம்பெல்லாம் உப்புத் தூவினது மாதிரி வெள்ளைப் புள்ளி. நடுவில் ஒருநாள் எல்லாம் காணாமல் போக, சரி சுகமாயிற்று என்று நினைத்தோம், இப்ப முந்தியைவிடக் கூட. கோமாளி மீன்கள் இரண்டும் கல்லில் உரசத் தொடங்கிவிட்டன. 200 லீற்றர் கடல்நீர்த் தொட்டி, உயிர்க்கல்லும் (நல்ல நுண்ணுயிர்கள் குடியிருக்கிற கடற்கல்) இறாலும் உள்ளே இருக்கு. செம்பு மருந்துதான் வழி என்று கடையில் சொல்கிறார்கள், ஆனால் இங்கே அது கிடைக்காது. தக்காளிக்கு அடிக்க வாங்கின மயில்துத்தம் வீட்டில் கிடக்கு. அதுவும் செம்புதானே, போட்டால் என்ன?

முல்லைக்கரை:
போடாதீங்க தம்பி! அந்தத் தொட்டிக்குள் கட்டாயம் வேண்டாம். இறால் முதலில் சாகும், பிறகு கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்ளும், அளவு நிற்காது. செம்பு வைப்பதென்றால் கல், மணல் இல்லாத வெறும் தொட்டியில்தான். மயில்துத்தத்தில் கால்வாசிதான் செம்பு, தேவையோ லீற்றருக்கு 0.15 முதல் 0.25 மில்லிகிராம் வரை. அதாவது 40 லீற்றருக்கு மயில்துத்தம் 30 மில்லிகிராம் அளவில். வீட்டுத் தராசில் அதை நிறுக்கவே ஏலாது. கொஞ்சம் குறைந்தால் புள்ளிக்குக் காரணமான ஒட்டுண்ணி தப்பும், கொஞ்சம் கூடினால் மீன் போகும். செம்பு அளக்கிற கிட் கையில் இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கக்கூடாது. தோட்டத்துக்கு விற்கிறதில் வேறு என்னென்ன கலந்திருக்கோ யார் கண்டது.

புள்ளி மறைந்தது சுகம் இல்லை. ஒட்டுண்ணி மீனில் மூன்று முதல் ஏழு நாள் வரை இருந்து தின்றுவிட்டு, கீழே விழுந்து கல்லிலும் மணலிலும் கூடு கட்டும். அந்தக் கூட்டுக்குள் பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கில் வெளியே வந்து திரும்ப மீனைத் தேடும். அதுதான் இரண்டாம் தரம் கூட வந்தது. இனி இறால் தின்று துப்புரவாக்கும், உள்ளி அரைத்துக் கொடு என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஒன்றும் நம்பாதீங்க.

உப்புக்காற்று:
முல்லைக்கரை அண்ணா சொன்னது சரி, ஆனால் நான் செம்புப் பக்கமே போகமாட்டேன். கொழும்பில் இருக்கிறவன் உப்புப் பக்கெற் காசு கொடுத்து வாங்கிக் கரைக்கிறான், எங்களுக்குக் கடல் பக்கத்தில் கிடக்கு. அதனால் தொட்டி மாற்றுகிற முறைதான் எங்களுக்குத் தோது. இரண்டு பிளாஸ்ரிக் தொட்டி, இரண்டு காற்று மோட்டர், ஒளிக்கப் பிவிசி குழாய்த் துண்டுகள். மீன்களைப் புதுத் தண்ணிக்குள் விட்டு 72 மணித்தியாலம் முடிய முதல் மற்றத் தொட்டிக்கு மாற்ற வேண்டும். இப்படி நாலு தரம். மீனை விட்டு விழுந்தது குஞ்சு பொரிக்க ஆகக் குறைந்தது மூன்று நாள் வேண்டும், அதற்குள் மீன் அங்கே இல்லை. விட்ட தொட்டி, குழாய், மோட்டர், வலை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நல்லாய்க் காயவிட்டுத்தான் திரும்ப எடுக்க வேண்டும். பழைய தண்ணி ஒரு கோப்பைகூடப் புதுசுக்குள் போகக்கூடாது. மூன்று நாளில் தண்ணி மாறுவதால் அமோனியாத் தலையிடியும் குறைவு, தீனியைக் கொஞ்சமாய்ப் போட்டால் போதும்.

60 லீற்றர் தொட்டி என்றால் மொத்தம் 300 லீற்றர், லான்ட்மாஸ்ரரில் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) ஒரே நடையில் ஏற்றலாம். வட்டுவாகல் பக்கம் மட்டும் அள்ள வேண்டாம், மாரியில் நந்திக்கடல் களப்பின் வாயை வெட்டிவிட்டால் அங்கே உப்பு இறங்கிவிடும். படகுக்காரரிடம் சொல்லி வெளியே அள்ளுவித்து, துணியில் வடித்து, மூடிய பரலில் சில நாள் வையுங்கோ. நீந்தித் திரிகிற ஒட்டுண்ணி மீன் கிடைக்காமல் இரண்டு நாளுக்குள் செத்துவிடும். கரண்ட் போனால் என்ன செய்வது என்று இப்பவே யோசியுங்கோ, பற்றரியில் ஓடுகிற காற்று மோட்டர் ஒன்று கட்டாயம்.

பாசிக்குளம்:
ஒரு நிமிடம், இது வெள்ளைப் புள்ளிதானோ? எண்ணக்கூடிய புள்ளி என்றால் சரி. எண்ண ஏலாத பொன்னிறத் தூசு, வேகமான மூச்சு, வெளிச்சத்துக்கு ஒளிப்பு, மோட்டர் ஓட்டத்துக்கு முகம் கொடுத்து நிற்பது என்றால் அது வெல்வெற் என்கிற வேறொரு ஒட்டுண்ணி நோய். சில நாளில் தொட்டியையே காலி பண்ணும். அதற்குத் தொட்டி மாற்றுகிறதும் சரிவராது, உப்பைக் குறைக்கிறதும் சரிவராது. அப்படி என்றால் யாழ்ப்பாணமோ கொழும்போ ஆளை அனுப்பியாவது செம்பு மருந்தும் கிட்டும் எடுப்பியுங்கோ.

பரந்தன்_தொட்டி:
எண்ணலாம் அண்ணா, செட்டையில்தான் கனக்க. மூச்சு பரவாயில்லை, பாசித் தாளும் தின்கிறது. அப்ப தொட்டி மாற்றுகிறதையே செய்கிறேன். உப்பைக் குறைக்கிறது என்றீர்களே, அதையும் சேர்த்துச் செய்யலாமா? மீன் இல்லாத பெரிய தொட்டியை என்ன செய்வது?

உப்புக்காற்று:
சேர்க்க வேண்டாம், ஒன்றைச் செய்தால் போதும். உப்பைக் குறைப்பதென்றால் தண்ணியின் ஒப்படர்த்தியை 1.009க்கு இறக்கி வாரக்கணக்கில் அசையாமல் பிடிக்க வேண்டும், உப்பளவு பார்க்கிற றிஃப்ராக்ரோமீற்றர் இல்லாமல் அந்த விளையாட்டு சரிவராது.

பெரிய தொட்டியில் ஒரு மீனும் இருக்கக்கூடாது, 76 நாள். கூடு 72 நாள்வரை தாக்குப்பிடித்ததாகப் பதிவு இருக்கு, அதுதான் அந்தக் கணக்கு. கல்லும் இறாலும் அப்படியே இருக்கட்டும், இறாலில் அது பிழைக்காது. இறாலுக்கு இடைக்கிடை ஒரு துளி தீனி போடுங்கோ, மோட்டரை நிறுத்தவேண்டாம். அதுவரை மீனுக்கு வடிகட்டி உள்ள வேறு தொட்டி வேண்டும், அந்த வடிகட்டிப் பஞ்சைப் பெரிய தொட்டியில் இருந்து எடுத்துவிடாதீங்க.