ஸ்கைரிம் கணினி ஆட்டத்தின் மாட்களை அப்டேட் செய்தேன், ஆட்டமே திறக்கவில்லை. அவசரம்!

கோத்தகிரிப்பனி:
வணக்கம். நேற்று ராத்திரி, ரசிகர்கள் எழுதி ஆட்டத்தில் சேர்க்கும் மாட்கள் எல்லாவற்றையும் புதிய பதிப்புக்கு மாற்றினேன். இப்போது ஆட்டத்தைத் திறக்கும் லோடரை அழுத்தினால் ஒரு சின்னப் பெட்டி வருகிறது, ஓகே கொடுத்தால் அவ்வளவுதான். 140 மணி நேரம் ஆடிய சேவ் உள்ளே இருக்கிறது. இங்கே விடாத மழை, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாது. சீக்கிரம் சொல்லுங்கள்.

தேயிலைத்தளிர்:
எந்த ஸ்கைரிம்? 2011இல் வந்ததா, 2016இன் ஸ்பெஷல் எடிஷனா? பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது?

மேல்ஊட்டி:
தம்பி, மழைக்காலத்தில் எனக்கும் இப்படித்தான் ஆனது. லேப்டாப்பில் ஈரம் ஏறி ஃபைல் கெட்டிருக்கும். நம் ஊர் குளிரில் எதுவும் தாங்காது. துணி போர்த்தி, அடுப்படிப் பக்கம் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுத் திறந்து பார்.

கணினிக்கிழார்:
பதிப்பு எண் சொல்லாமல் உதவி கேட்பது, எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் மருந்து கேட்பது போல. இதை எத்தனை பேருக்குச் சொல்வது? முதலில் தேடிப் படித்துவிட்டு வாருங்கள்.

கோத்தகிரிப்பனி:
ஸ்பெஷல் எடிஷன்தான் அண்ணா, எல்லோரும் அதைத்தானே ஆடுகிறார்கள். உங்கள் ஸ்கைரிம் இந்த எஸ்கேஎஸ்இ தாங்குவதைவிடப் புதியது என்று பெட்டியில் வருகிறது. எஸ்கேஎஸ்இ என்பது மாட்களுக்காக நான் போட்ட துணை நிரல், லோடரும் அதனுடையதுதான்.

தேயிலைத்தளிர்:
அப்படியானால் ஆட்டமும் தானாக அப்டேட் ஆகியிருக்கிறது. ஆட்டத்தின் ஃபோல்டரில் ஸ்கைரிம்எஸ்இ ஃபைலை ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீட்டெய்ல்ஸ் போய்ப் பதிப்பு எண்ணைப் பாருங்கள். 1.5.97 என்றால் எஸ்கேஎஸ்இ 2.0.20. 1.6.1170 என்றால் 2.2.6. மாற்றிப் போட்டால் திறக்காது.

எஸ்கேஎஸ்இ, ஆட்டத்தின் உள்ளே இருக்கும் ஒவ்வொரு வேலையையும் அதன் முகவரியை வைத்துத்தான் பிடிக்கிறது. ஆட்டம் அப்டேட் ஆனால் தெருவில் எல்லா வீட்டுக்கும் கதவு எண் மாறிய மாதிரி. பழைய எண்ணோடு போனால் வேறு வீடு. அட்ரஸ் லைப்ரரி என்ற மாட் அந்தப் புதிய எண்களின் பட்டியல்தான். அதிலும் 1.5க்கு ஒன்று, 1.6க்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. டிஎல்எல் என்ற நிரல் ஃபைல் உள்ள மாட்களை மட்டும் பார்த்தால் போதும். மரம், முகம், உடை மாட்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாது. எஸ்கேஎஸ்இயை நீங்கள் கையால் ஆட்டத்தின் ஃபோல்டரில் போட்டிருப்பீர்கள், அதனால்தான் மாட் மேனேஜர் அதைத் தொடவில்லை.

மேல்ஊட்டி:
ஈரத்தையும் ஒதுக்கிவிடாதீர்கள். என் பழைய டிஸ்க் பூஞ்சை பிடித்துத்தான் போனது.

தேயிலைத்தளிர்:
அண்ணா, டிஸ்க் கெட்டிருந்தால் பெட்டியில் பதிப்பைப் பற்றி இவ்வளவு தெளிவாக எழுதி வராது. லேப்டாப்பை அடுப்பு பக்கம் வைக்கச் சொல்லாதீர்கள், பயமாக இருக்கிறது.

மேல்ஊட்டி:
உங்கள் குன்னூரில் வெயில் உண்டு, அதனால் உங்களுக்குத் தெரியாது. ஊட்டியில் ஒரு ஜூலை இருந்து பாருங்கள்.

கணினிக்கிழார்:
ஈரத்தை விடுங்கள். பாதி ஆட்டத்தில் மாட் அப்டேட் செய்ததே தவறு. புது ஆட்டம் தொடங்குவதுதான் ஒரே வழி.

கொடைக்குறிஞ்சி:
ஒரே வழி என்பதை நான் ஏற்கவில்லை. ஸ்கிரிப்ட், அதாவது ஆட்டத்துக்குள் ஓடும் சிறு நிரல், உள்ள மாடைப் பாதியில் கழற்றுவதுதான் ஆபத்து, அதன் மிச்சம் சேவுக்குள் தங்கிவிடும். அப்டேட் வேறு விஷயம். பாதி ஆட்டத்தில் போடலாமா என்று மாட் எழுதியவரே அதன் பக்கத்தில் சொல்லியிருப்பார். 140 மணி நேரத்தைத் தூக்கிப் போடு என்று இப்படிச் சொல்லலாமா?

கணினிக்கிழார்:
நான் அனுபவத்தில் சொல்கிறேன்.

கொடைக்குறிஞ்சி:
நானும்தான். தம்பி, எதையும் தொடும் முன் மை கேம்ஸுக்குள் இருக்கும் சேவ்ஸ் ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சேவுக்கும் ஒரே பெயரில் இரண்டு ஃபைல் இருக்கும், ஒன்று இஎஸ்எஸ், இன்னொன்று எஸ்கேஎஸ்இ. பலர் பெரியதை மட்டும் எடுத்துவிட்டு, மாட்கள் தங்கள் கணக்கை எழுதி வைக்கும் அந்தச் சின்னதை விட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆட்டத்தை நிறுவி அப்டேட் செய்யும் ஸ்டீம் செயலியில், ஆட்டத்தைத் தொடங்கும்போது மட்டும் அப்டேட் செய் என்று மாற்றி வைத்து, இனி எப்போதும் எஸ்கேஎஸ்இ லோடர் வழியாகவே திறவுங்கள்.

கோத்தகிரிப்பனி:
1.6.1170தான். 2.2.6 போட்டதும் திறந்துவிட்டது, சேவும் வந்தது. கரண்ட் போய்விட்டது, போனில் எழுதுகிறேன். ரொம்ப நன்றி தளிர்.

கொடைக்குறிஞ்சி:
நல்லது. அந்தச் சின்ன ஃபைலையும் சேர்த்துத்தானே எடுத்து வைத்தீர்கள்?

தேயிலைத்தளிர்:
தம்பி, இருக்கிறீர்களா?