குடும்பக் குழு: கஜனும் சேதன இரசாயனமும்

சின்னம்மா: அண்ணன், கஜன் சேதன இரசாயனப் பேராசிரியராக வரப் போகிறானாம், காபன் சேர்வைகளைப் பற்றிய படிப்பாம். மருத்துவத்துக்குப் புள்ளி காணாது என்பது வேற கதை. இதில் மேலே வர எவ்வளவு காலம் எடுக்கும்?

தர்ஷி அக்கா: சின்னம்மா, முதல் 4 வருடச் சிறப்புப் பட்டம், நல்ல வகுப்போட. அப்புறம் தகுதிகாண் விரிவுரையாளர். கலாநிதிப் பட்டம் முடித்து சிரேஷ்ட விரிவுரையாளர். பேராசிரியர் பதவிக்கு ஆய்வு, கற்பித்தல், நிருவாகம் எல்லாத்தையும் பார்ப்பார்கள். தலை நரைத்துவிடும் 😄

கஜன்: வூட்வேட் 20 வயதில் கலாநிதி அக்கா 😎

சின்னம்மா: அது யார்?

கல்லடி மாமா: ரொபேட் வூட்வேட், அமெரிக்கர். 1933ல் 16 வயதில் எம்.ஐ.டி. என்ற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். இரசாயனத்தைத் தவிர வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை, அடுத்த வருடமே வெளியேற்றிவிட்டார்கள். 1935ல் திரும்பச் சேர்ந்தார். 1936ல் பட்டம், 1937ல் கலாநிதி.

சின்னம்மா: இவனுக்கும் பௌதிகப் புத்தகம் எங்கே கிடக்குது என்றே தெரியாது. அவரைத் திரும்பச் சேர்த்தாங்க, இவனை யார் சேர்ப்பாங்க?

கஜன்: அம்மா 🙈

கல்லடி மாமா: ஹாவட் பல்கலைக்கழகத்தில் இருந்துதான் பெரிய வேலையெல்லாம் செய்தார். இயற்கையில் உள்ள சிக்கலான மூலக்கூறுகளை ஆய்வுகூடத்தில் செயற்கையாக ஆக்கினார். 1951ல் கொலஸ்திரோல், 1954ல் ஸ்ட்ரிக்னின், 1960ல் பச்சையம். ஸ்ட்ரிக்னின் என்பது எட்டிக் கொட்டை நஞ்சு, ஏழு வளையம் பின்னிக் கிடக்கும் மூலக்கூறு. 1965ல் நோபல்.

கஜன்: எட்டி பழுத்தால் என்ன என்று அம்மம்மா சொல்லுவா 😂

கல்லடி மாமா: இந்த மனுசன் மரமே இல்லாமல் குடுவையில் செய்தார்.

தர்ஷி அக்கா: குடுவையைப் பிடித்தது மாணவர்கள் மாமா. விற்றமின் பி12ஐ எடுங்க. ஹாவட்டில் இவர் குழு, சூரிச்சில் எஷன்மோசர் குழு. 1972ல் முடிய பத்து வருடத்துக்கு மேல் போனது, கிட்டத்தட்ட 100 பேர் வேலை செய்தார்கள். பெயர் என்னவோ இரண்டு பேருக்குத்தான்.

கல்லடி மாமா: நியாயம்தான் மகள். ஆனால் எந்தப் பிணைப்பை முதல் ஆக்குவது, எதைப் பிறகு என்று தீர்மானிப்பதும் வேலைதானே. ஆய்வு மாணவர்களோடு வியாழன் இரவுக் கருத்தரங்கு நடுச்சாமம் வரை போகுமாம். கையில் குறிப்பில்லாமல், கலர் சோக்கால் மணிக்கணக்கில் கரும்பலகையில் வரைவார். பி12 வேலையில் ஒரு தாக்கம் நினைத்தமாதிரி வரவில்லை. இன்னொருவர் வேறு வழி தேடியிருப்பார். இவர் ஏன் என்று கேட்டார். 30 வயதுகூட ஆகாத ஹொஃப்மன் என்ற இரசாயனவியலாளரோடு சேர்ந்து, அப்படியான தாக்கங்கள் எந்த வழியில் போகும் என்பதற்கு 1965ல் விதி எழுதினார்.

கஜன்: அதுக்கும் நோபல் இல்லையா மாமா?

கல்லடி மாமா: 1981ல் ஹொஃப்மனுக்கும் ஜப்பானின் ஃபுக்குயிக்கும் கொடுத்தார்கள். வூட்வேட் 1979ல் காலமாகிவிட்டார், இறந்தவருக்குக் கொடுப்பதில்லை.

சின்னம்மா: சரி அண்ணன், உயர்தரத்துக்கு வாங்க. இவனுக்கு யார் படிப்பிக்கிறது?

கல்லடி மாமா: ஞாயிறு காலை அனுப்பு. பொறிமுறைக் கேள்வி, அதுதான் தாக்கம் படிப்படியாக எப்படி நடக்கிறது என்று கேட்பது, உள்ள பழைய வினாத்தாள் எல்லாம் கொண்டு வரட்டும்.

கஜன்: ஞாயிறு மெட்ச் இருக்கு மாமா 😬

கல்லடி மாமா: அப்போ சனி. பௌதிகப் புத்தகத்தையும் தேடி எடுத்துக்கொண்டு வா.