புதுப்பிப்பு: சித்தப்பாவிடம் மகள் பேசினாளா?

11 வருடம் திருச்சி மத்திய சிறையில் இருந்துவிட்டு வந்த சித்தப்பாவிடம் அவர் மகள் பேச மறுக்கிறாள், என்ன செய்யலாம் என்று மூன்று மாதம் முன்பு கேட்டிருந்தேன். உறவுக்காரர்களைத் திரட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போங்கள் என்று பலர் சொன்னீர்கள். போகவில்லை. நல்லவேளை.

இன்னொருவர் சொன்னபடி சித்தப்பா கடிதம்தான் எழுதினார். மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. கொல்லையில் முருங்கை காய்த்திருக்கிறது என்று மட்டும். நான்காவது கடிதத்துக்குப் பிறகு பையனோடு வந்தாள். உள்ளே வரவில்லை, திண்ணையிலேயே உட்கார்ந்தாள். "இவரு யாரும்மா?" என்று பையன் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "தாத்தா" என்றாள். சித்தப்பா எழுந்து முருங்கைக்காய் பறிக்கப் போய்விட்டார்.

அப்புறம், ரேஷன் கார்டு. நீக்கிய பெயரை வட்ட வழங்கல் அலுவலகத்தில் மனு கொடுத்து மறுபடி சேர்த்தாயிற்று. ஆதார் இருந்ததால் பெரிய அலைச்சல் இல்லை.

வேலைதான் இழுக்கிறது. ஒரு மில்லில் சரி என்றவர்கள், வழக்கு விவரம் தெரிந்ததும் போனை எடுப்பதில்லை. சிறைத்துறை நடத்தும் பெட்ரோல் பங்கில் இடம் இருக்குமா என்று நன்னடத்தை அலுவலரிடம் கேட்டிருக்கிறோம். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.